தம்பிக்கு நண்டு கம்பெனியில் வேலை: முதலாளியிடம் சொல்லலாமா?

கேள்வி: நாங்கள் தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். அப்பா நாட்டுப்படகில் பங்குக்குப் போகிறார். அம்மா கருவாடு போடுகிறார். தம்பிக்கு 26 வயது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறான். நான்கு வருடம் முன்பு மதுரையில் டாக்டர் பார்த்து ஆட்டிசம் என்றார். அதுவரை கூச்சம், பிடிவாதம் என்றுதான் நினைத்தோம். மூன்று இடத்தில் வேலைக்குப் போய் மூன்றும் நிலைக்கவில்லை. ஜவுளிக்கடையில் ஒரு அம்மாவிடம், “இதே சேலை எதிர்க்கடையில் 200 ரூபாய் குறைவு” என்று சொல்லிவிட்டான். ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கும் மிஷின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டான். மாமா பையனின் செல்போன் கடையில் இரண்டு மாதம் நன்றாக இருந்தான், ஒரு நாள் கூட்ட நேரத்தில் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டான். இப்போது மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் எடை போட்டு லேபிள் ஒட்டும் வேலை இருக்கிறதாம். எங்கள் சித்தி அங்கேதான் நண்டு சதை எடுக்கிறார். ஆட்டிசம் என்று சொன்னால் முதலாளி வேண்டாம் என்பாரோ? சொல்லாமல் விட்டால் இதுவும் போய்விடுமோ? அப்பா படகுக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறார். அத்தை ஏர்வாடியில் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறார். அம்மா வீட்டிலேயே இருக்கட்டும் என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.
– ஒரு சகோதரி, தங்கச்சிமடம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலாளியிடம் சொல்லுங்கள் என்பதுதான் என் பதில். யாரிடம், எதை, எந்த வரிசையில் சொல்வது என்பதற்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்பா, அம்மா, அத்தை என்று மூன்று பேருடைய யோசனை இருக்கிறது. தம்பி என்ன சொல்கிறார் என்பதைக் காணோம். அவர் 26 வயது ஆள். தன் ஆட்டிசத்தைப் பற்றி வெளியாள் ஒருவரிடம் சொல்லலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டியவரும் அவர்தான்.

“உனக்கு என்ன வேலை பிடிக்கும்?” என்று கேட்காதீர்கள். அவ்வளவு அகலமான கேள்விக்கு ஆட்டிசம் உள்ள பலரால் பதில் சொல்ல முடிவதில்லை, “தெரியாது” என்பதோடு பேச்சு நின்றுவிடும். நடந்ததை வைத்துக் கேளுங்கள். செல்போன் கடையில் எந்த வேலை செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை? எந்த நேரம் வந்தாலே பயமாக இருந்தது? ஐஸ் கம்பெனியில் சத்தம் மட்டும்தானா, வேறு ஏதாவதா? வாயால் சொல்ல முடியாததை எழுத்தில் சொல்லிவிடுபவர்கள் நிறைய பேர். பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரிதான். பதில் வர இரண்டு நாள் ஆனால் இரண்டு நாள் காத்திருங்கள்.

போன மூன்று வேலைகளையும் நீங்கள் மூன்று தோல்வியாக எண்ணுகிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜவுளிக்கடையில் அவர் சொன்னது உண்மை. கடைக்காரர் வாயால் சொல்லாத ஒரு விதி அங்கே இருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. ஐஸ் கம்பெனியில் தடை அவருடைய காது. சில பேருடைய காது சத்தத்தை நம்மைவிடப் பல மடங்கு கூர்மையாக வாங்கும். பழகினால் சரியாகிவிடும் என்று கட்டாயப்படுத்துவது அவர்களை வதைப்பதுதான். செல்போன் கடைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு மாதம் நன்றாக இருந்தவர் ஒரு நாள் கத்தினார் என்றால் அந்த ஒரு நாளில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒரே சமயத்தில் இரண்டு பேர் இரண்டு வேலை ஏவினார்களா? சாப்பிடும் நேரம் தள்ளிப்போனதா? வழக்கமாக உட்காரும் இடம் மாறியதா? இல்லை, இரண்டு மாதமாக உள்ளே அடக்கி வைத்திருந்த களைப்பு அன்றைக்கு வெளியே வந்ததா? மாமா பையனிடம் குற்றம் சொல்லும் தொனி இல்லாமல் விசாரியுங்கள். அடுத்த வேலைக்கு வேண்டிய பாதிச் செய்தி அங்கே கிடைக்கும்.

வேலை வாங்குவதைவிட அதைத் தக்கவைப்பதற்குத்தான் ஆயத்தம் அதிகம் வேண்டும். இந்த ஒன்றைத்தான் என்னிடம் வரும் எல்லாக் குடும்பங்களுக்கும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பரமக்குடிப் பக்கம் ஒரு இளைஞர், மருந்துக்கடையின் சரக்கறையில் மாத்திரைப் பெட்டிகளைக் காலாவதித் தேதி வாரியாக அடுக்குவார். அவர் வந்த பிறகு அந்தக் கடையில் தேதி கடந்த மருந்து ஒன்றுகூட அலமாரியில் தங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் நல்ல எண்ணத்தில் அலமாரிகளை எல்லாம் மாற்றி வைத்துவிட்டார். திங்கள் காலையில் வந்து பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவே இல்லை. மாற்றப் போகிறேன் என்று சனிக்கிழமை அன்றே சொல்லி, ஞாயிறு அவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மாற்றியிருந்தால் அந்த வேலை இன்றைக்கும் இருந்திருக்கும்.

வீட்டார் சொன்ன யோசனைகளுக்கு வருகிறேன்.

ஏர்வாடி தர்காவுக்குப் போய் வேண்டிக்கொண்டு வருவது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிட மாட்டேன். அங்கே கொண்டுபோய் வைப்பது வேறு விஷயம். 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோய் உள்ளவரை எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. உங்கள் தம்பிக்கு இருப்பதோ மனநோயே அல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள ஒரு வேறுபாடு, சின்ன வயதிலிருந்தே கூட வருவது. அத்தையிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவரும் அக்கறையில்தான் சொல்கிறார்.

அப்பாவின் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. மகனைக் கூடவே வைத்துக்கொண்டால் யாரும் ஏசமாட்டார்கள் என்று நினைக்கிறார். ஆட்டிசம் உள்ளவர் கடலுக்கே போகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கூட்டத்திலும் சத்தத்திலும் நிலைகுலைகிற உங்கள் தம்பிக்குப் படகு வேண்டாம். இஞ்சின் இரைச்சல், கெட்டுப்போகிற தூக்கம், இருட்டில் வலை இழுக்கும்போது திடீரென்று மாறும் அதட்டல். அங்கே ஒரு சொல்லை உடனே பிடிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. நம் கடலில் இன்னொன்றும் இருக்கிறது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை வளைத்துக்கொண்டால், துப்பாக்கியோடு நிற்பவர் போடும் கட்டளைக்குத் தம்பி எப்படி நடந்துகொள்வார் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா? கரையில் அப்பாவோடு உட்கார்ந்து நண்டுவலையிலிருந்து நண்டு கழற்றட்டும், கிழிந்த வலையைச் சரிபார்க்கட்டும். அது நல்ல வேலை.

அம்மா சொல்வதுபோல வீட்டிலேயே வைத்திருந்தால் இன்றைக்குப் பாதுகாப்புதான். அம்மாவுக்கு வயதான பிறகு, வெளி உலகத்தோடு ஒரு பழக்கமும் இல்லாத ஐம்பது வயது மனிதராகத் தம்பி நிற்பார். அப்போது தொடங்குவது இப்போது தொடங்குவதைவிட மிகக் கடினம்.

சரி, நண்டு கம்பெனி. எடை போட்டு லேபிள் ஒட்டுகிற வேலை என்று கேட்டதுமே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாடிக்கையாளர் இல்லை. எடை சரி அல்லது தப்பு, நடுவில் ஒன்றும் இல்லை. எண்ணும் தேதியும் மாறக்கூடாது என்ற கண்டிப்பு, பல பேருக்குச் சலிப்பு தருவது, அவருக்குப் பிடித்துப்போகலாம். ஏற்றுமதிக்குப் போகும் சரக்கில் லேபிள் தப்பாக இருந்தால் முதலாளிக்குத்தான் நஷ்டம். அதனால் தப்பு செய்யாத ஆள் அவருக்கும் தேவை. ஆனால் வேலையின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நண்டு வேகும் வாடை அவருக்கு ஒத்துக்கொள்ளுமா? எஃகு மேஜையில் தட்டு இழுபடும் சத்தம், குளிர், ஈரத் தரை, கையுறை, தலையுறை? கையுறை தோலில் ஒட்டும் உணர்வே தாங்காதவர்கள் உண்டு. சித்தி மூலம் அனுமதி வாங்கி, வேலை நடக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் அழைத்துப்போய்க் காட்டுங்கள். இன்னொரு நாள் மறுபடியும். பிறகு அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அவர் சரி என்றால் முதலாளியிடம் பேசலாம். முதல் வாக்கியத்திலேயே ஆட்டிசம் என்று தொடங்க வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் சினிமாவில் பார்த்த ஏதோ ஒன்று அவர் மனதில் வந்துவிடும், பிறகு நீங்கள் சொல்வது காதில் ஏறாது. தம்பியால் முடிவதை முதலில் சொல்லுங்கள். தேவைப்படுவதை அடுத்துச் சொல்லுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்லுங்கள். இப்படி இருக்கலாம்:

“அண்ணே, என் தம்பி எடையும் நம்பரும் தப்பவே மாட்டான். ஒரு வேலையை ஒரு தடவை செஞ்சு காட்டி, எழுதியும் குடுத்துட்டா அப்படியே செய்வான். ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஏவுனா மட்டும் குழம்பிடுவான், அதனால ஒரே ஆள் சொன்னா போதும். சத்தம் அதிகமானா அஞ்சு நிமிஷம் வெளிய போயிட்டு வருவான், அது கோவம் இல்ல. அவனுக்கு ஆட்டிசம்னு ஒண்ணு இருக்கு, டாக்டர் சொல்லியிருக்காங்க. ஒரு வாரம் வேலை பாக்கச் சொல்லிப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க.”

அந்த ஒரு வாரம் முக்கியம். நேர்முகத்தில் கண்ணைப் பார்த்துப் பேசாததையும், கேள்விக்குத் தயங்கித் தயங்கிப் பதில் சொல்வதையும் பார்த்து ஆளை எடைபோடுகிறார்கள். லேபிள் ஒட்டுவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேலையைச் செய்து காட்டச் சொன்னால் தம்பிக்கும் நியாயம் கிடைக்கும், முதலாளிக்கும் தெளிவு கிடைக்கும். அந்த வாரத்துக்கும் கூலி உண்டா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். சொல்லியும் அவர் வேண்டாம் என்றால், சொல்லாமல் சேர்ந்து மூன்றாம் வாரம் அவமானப்பட்டு வெளியே வருவதைவிட அது மேல் என்றே நினைக்கிறேன்.

முதலில் எங்காவது ஒரு வருடம் பயிற்சிக்கு அனுப்பி, பிறகு வேலைக்கு அனுப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆட்டிசம் உள்ள நிறைய பேருக்கு ஓர் இடத்தில் கற்றது இன்னோர் இடத்துக்குத் தானாகக் கூட வருவதில்லை. பயிற்சிக் கூடத்தில் மெழுகுவர்த்தி செய்து பழகியவருக்கு நண்டு கம்பெனி மேஜை புதிதாகத்தான் இருக்கும். அதனால்தான் முதலில் வேலையில் அமர்த்திவிட்டு அங்கேயே கூட நின்று கற்றுக்கொடுக்கும் முறை பல நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. அதற்கென்று வேலைத்தலப் பயிற்றுநர் என ஒருவர் இருப்பார். இங்கே உங்களுக்கு அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் அந்தப் பொறுப்பைச் சித்தி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சித்தியின் கூலி அவர் எடுக்கும் சதையின் எடைக்குத் தகுந்தது என்றால், தம்பியைப் பார்த்துக்கொள்வதில் அவர் வருமானம் குறையும். முதல் இரண்டு வாரம் நீங்கள் அந்தக் குறையை ஈடுகட்டுங்கள், அல்லது நீங்களே அனுமதி கேட்டுக் கூட நில்லுங்கள். பிறகு மெல்ல மெல்ல விலகுங்கள். ஒரேயடியாக மறைந்துவிட வேண்டாம்.

கூட நிற்கும் அந்த நாட்களில் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதுங்கள். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது, டப்பாவை வைப்பது, எடை பார்ப்பது, கூடினால் எடுப்பது, குறைந்தால் சேர்ப்பது, மூடுவது, லேபிள், பெட்டி. ஒவ்வொன்றுக்கும் போனில் ஒரு படம். அதை அச்செடுத்து, தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேஜைப் பக்கம் மாட்டிவிடுங்கள். மேற்பார்வையாளர் ஏவும்போது “அதைக் கொஞ்சம் சீக்கிரம் பாரு”, “அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிற பேச்சைக் குறைக்கச் சொல்லுங்கள். “இந்தப் பெட்டியை மூன்று மணிக்குள் முடி” என்றால் முடிப்பார். டப்பாக்கள் தீர்ந்துபோய்ச் சும்மா இருக்க நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதிவையுங்கள். வேலை நடக்கும்போது வராத பிரச்சினை வேலை இல்லாத அந்த இருபது நிமிடத்தில் வரும்.

இங்கே நம் கடற்கரைக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நாளைக்கும் இதேதான் என்ற உறுதி தம்பிக்கு வேண்டும். கடலை நம்பிய தொழிலில் அந்த உறுதி கிடையாது என்று தோன்றும். உண்மையில் பாதி கிடைக்கும். ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துப் போகின்றன. அந்தப் படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்று முன்பே தெரியும். இதையெல்லாம் ஒரு பெரிய மாதக் காலண்டரில் நிறம் போட்டுக் குறித்து, தம்பி பார்க்கும் சுவரில் மாட்டுங்கள். கம்பெனிக்கு எந்தெந்த நாள் சரக்கு அதிகம் வரும் என்று சித்திக்குத் தெரியும், அதையும் சேருங்கள். முன்கூட்டித் தெரியாதது காற்று, புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம். கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கனை மீன்வளத் துறை கொடுக்கவில்லை என்றால் அடுத்து என்ன என்பதற்கும் ஒரு திட்டம் இருக்கட்டும்: முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் மேற்பார்வையாளர் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட வேண்டும், “நாளை வேலை இல்லை” என்று. அந்த நாளுக்கு வீட்டில் என்ன செய்வது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

தடைக்காலத்தில் நாட்டுப்படகுகள் போனாலும் கம்பெனியில் வேலை குறையலாம். இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டுத் திரும்பினால் தம்பிக்கு அது புது வேலை மாதிரிதான். அந்த நாட்களிலும் அதே நேரத்துக்கு எழுந்து, அதே நேரத்துக்கு ஏதாவது ஒரு வேலைக்கு உட்காரட்டும். வலை வேலை இருக்கிறது. மண்டபம் பக்கம் கடல்பாசி வளர்ப்பவர்களிடம் கயிற்றில் விதைப்பாசி கட்டும் வேலை இருக்கும். மிதவையில் விட்டால் 45 நாளில் அறுவடை. கட்டுவதைக் கரையில் உட்கார்ந்தே செய்யலாம். வெயிலும் உப்பும் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று மட்டும் பாருங்கள். கம்பெனி முழுதாகத் திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு முறை போய் மேஜையைப் பார்த்துவிட்டு வரட்டும்.

போக்குவரத்தைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். தங்கச்சிமடத்திலிருந்து மண்டபம் போக பாம்பன் பாலம் தாண்ட வேண்டும். சாதாரண நாளில் பஸ் பிரச்சினை இல்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசை, தொடர் விடுமுறை என்றால் ராமேசுவரம் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நெரிசலில் நின்றுகொண்டு தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலே அவருடைய அன்றைய பலம் தீர்ந்துவிடும். அந்த நாட்களையும் காலண்டரில் குறித்து, அன்றைக்கு விடுப்போ, வண்டியில் கொண்டுபோய் விடுவதோ முன்பே பேசிவையுங்கள்.

கூட வேலை செய்பவர்களைப் பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. பெரும்பாலோர் அன்பாகத்தான் இருப்பார்கள். ஆனால் எல்லோரும் டீ வாங்கிவரச் சொல்வது, கைமாற்று வாங்கித் திருப்பாமல் விடுவது, கேலியைப் புரிந்துகொள்ளாதபோது சேர்ந்து சிரிப்பது எல்லாம் நடக்கும். “என்னிடம் யார் கடன் கேட்டாலும் அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்ற ஒரே வாக்கியத்தைப் பழக்கிவிடுங்கள். மேஜையில் மூத்த பெண் ஒருவரிடம் தனியாகப் பேசி, தம்பிக்கு ஏதாவது என்றால் இவரிடம் போகலாம் என்று காட்டிவையுங்கள். சம்பளம் தம்பியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரட்டும். அதே வேலை செய்யும் மற்றவருக்குக் கொடுப்பதைவிட ஒரு ரூபாய் குறைவாகவும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரக்கப்பட்டுக் கொடுக்கிற வேலை என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் அவருடைய திறமை யார் கண்ணுக்கும் படாது.

சான்றிதழ் எடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இ-சேவை மையத்தில் தேசிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அதுவும் ஒன்று. மதிப்பீட்டுக்கு இந்தியாவிலேயே உருவாக்கிய 40 கேள்விகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது, 70 மதிப்பெண்ணிலிருந்து ஆட்டிசமாகக் கணக்கிடுவார்கள். மருத்துவக் குழு உட்காரும் நாளை ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் சான்று கிடைத்தால் அரசுப் பணியின் 4 சதவீத ஒதுக்கீட்டில் தம்பியும் வருவார். அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் என்பதால் தேர்வுக்கு விண்ணப்பிப்பதை விட்டுவிட வேண்டாம். தனியாருக்கு இந்த ஒதுக்கீடு கட்டாயமில்லை, அதனால் நண்டு கம்பெனியில் சட்டத்தைக் காட்டிப் பேசுவதில் பயன் குறைவு. தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீட்டில், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, ஆட்டிசம் உள்ளவர்கள் சேரலாம். அதையும் விசாரியுங்கள்.

வேலை நன்றாகப் போகத் தொடங்கியதும் வீட்டில் செய்யும் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். “இப்போதான் தேறிட்டானே” என்று ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், காதுகுத்து, சொந்தக்காரர் வீடு என்று இழுத்துக்கொண்டு போவார்கள். வாரம் முழுக்க மனிதர்கள் நடுவில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு இருந்தவருக்கு ஞாயிறு தனியாக, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டோ, போனில் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டோ இருப்பதுதான் ஓய்வு. செல்போன் கடையில் இரண்டாம் மாதம் உடைந்தது இதனால்கூட இருக்கலாம். பேச்சு குறைவது, சாப்பாடு குறைவது, தூக்கம் மாறுவது, முன்பு பொறுத்த சத்தத்தை இப்போது பொறுக்க முடியாமல் போவது. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே மேற்பார்வையாளரிடம் பேசி ஒரு வாரத்துக்கு நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். வேலையே முழுதாக நின்றுபோகும் முன் செய்ய வேண்டியது அது.

மாதம் ஒரு முறை, சம்பளம் போட்ட மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், மேற்பார்வையாளரிடம் பத்து நிமிடம் கேளுங்கள். எது நன்றாக நடக்கிறது, எது அவருக்கு எரிச்சலாக இருக்கிறது, அடுத்த மாதம் ஏதாவது மாறப்போகிறதா என்ற மூன்று மட்டும். புது மிஷின் வருகிறது, மேற்பார்வையாளரே மாறப்போகிறார் என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தெரியவரும். தெரிந்த அன்று மாலையே தம்பியிடம் சொல்லிக் காலண்டரில் எழுதிவிடுங்கள்.